ரப்பர் வளையத்தில் ஒரு தாமிரபரணிக்காரன்

நீச்சல் தெரியுமா என்று தங்கபாண்டியிடம் யாரும் கேட்கவில்லை. சொந்த ஊர் எது என்றுதான் கேட்டார்கள்.

கேட்டவர் கோமதிநாயகம் அண்ணாச்சி. மாட்டுங்காவில் பாத்திரக் கடை, செம்பூரில் வீடு, ஊர்ச் சங்கத்தில் துணைத்தலைவர். சங்கத்துக்கு மொத்தம் ஏழு துணைத்தலைவர்கள். அந்தப் பதவியைக் கடைப் பலகையிலேயே எழுதி மாட்டியவர் இவர் ஒருவர்தான். மகன் ஹரியின் கல்யாண வீடியோ விஷயமாகத் தாராவியிலிருந்து வந்திருந்த தங்கபாண்டியை, விலைக்கு வாங்கும் குத்துவிளக்கைத் தட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சொந்த ஊரு எதுடே?"

"சேரன்மாதேவி பக்கம் அண்ணாச்சி. ஆத்துக்கு இந்தக் கரை."

"அப்படிச் சொல்லு. நமக்குக் கல்லிடைக்குறிச்சி. ஒரே தண்ணி குடிச்ச பயலுவ." மகன் பக்கம் திரும்பினார். "ஹரி, ஆளு கிடைச்சாச்சி. ஆத்தங்கரைக்காரன். மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கவா வேணும்?"

தங்கபாண்டி அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். அவன் பிறந்தது சயன் ஆஸ்பத்திரியில். வளர்ந்தது தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். சொந்த ஊரை நாற்பது வயதுக்குள் இரண்டு முறை பார்த்திருக்கிறான். முதல் முறை மொட்டை போட்டு ஆற்றில் முக்கியபோது அவன் போட்ட கூச்சலில் பக்கத்துப் படித்துறைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். இரண்டாம் முறை ஒரு இழவுக்குப் போனான். அப்போது ஆற்றின் பக்கமே போகவில்லை.

ஆனால் பம்பாயில் சொந்த ஊர் என்பது ஒருவன் வாழ்ந்த இடம் அல்ல, கேட்டால் சொல்லும் பதில். அந்தப் பதிலை வைத்துத்தான் படம் எடுக்க அவனுக்குப் பத்தொன்பது கல்யாணங்கள் கிடைத்திருந்தன. "ஆத்தங்கரைன்னு சொன்ன, நீச்சல் தெரியாதுங்கே, அப்ப எந்தக் கரைடே நீ?" என்று ஒருவர் கேட்டுவிட்டால், அந்தக் கேள்வி சங்கத்தின் வாட்ஸப் குழுவில் சாயங்காலத்துக்குள் முலுண்ட் வரை போய்விடும். சிரித்து வைத்தான்.

"சிரிப்பைப் பாரு. தண்ணின்னதும் பயலுக்கு எப்படிப் பூரிக்கி," என்றார் அண்ணாச்சி. "கல்லிடைக்குறிச்சியில நான் வெள்ளத்துல எதிர்நீச்சல் போட்டவன். எனக்குத் தெரியாதா அந்தச் சந்தோஷம்."

விஷயம் இதுதான். வாஷியில் இரும்பு வியாபாரம் செய்யும் நாகராஜ், போன மாதம் தன் மகள் வரவேற்பில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கினார்கள். அன்று கோமதிநாயகத்துக்குப் பாயசம் இறங்கவில்லை. தரையில் எடுக்கலாம் என்றால் குதிரை, ஜீப், பழைய கோட்டை எல்லாவற்றையும் சங்கத்தில் ஆளாளுக்கு முடித்துவிட்டார்கள். ஆகாயத்தை நாகராஜ் எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்தது தண்ணீர்.

ஹரி போனில் ஒரு படம் காட்டினான். வெள்ளைக்காரன் ஒருவன் காலில் பலகையை மாட்டிக்கொண்டு, மோட்டார் படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி, படகு கிளப்பும் அலையில் ஏறித் தாவினான்.

"வேக்போர்டிங்ணே. ரெண்டு சண்டே டிரெய்னிங் போயிருக்கேன். நம்ம கம்யூனிட்டில யாரும் பண்ணல."

"படகுல இருந்து எடுத்துருவோம் தம்பி. நல்ல லென்ஸ் இருக்கு."

"நஹி நஹி. மேல இருந்து எடுத்தா நான் பொடிசா தெரிவேன். தண்ணி லெவல்ல இருந்து எடுத்தாதான் ஹீரோ மாதிரி வரும். படகுக்குப் பின்னாடி இன்னொரு கயித்துல ஒரு டியூப் கட்டி இழுப்பாங்க. லாரி டியூப் மாதிரி பெரிசு. நீங்க அதுல குப்புறப் படுத்து எடுக்கணும். அவ்ளோதான்."

தங்கபாண்டி அந்த வெள்ளைக்காரனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் கரை எங்கே என்று தேடினான். படத்தில் கரையே இல்லை.

வீட்டில் மனைவி மாரிசெல்வி விஷயத்தைக் கேட்டுவிட்டு, மாவுக் கையைக் கழுவினாள்.

"தெரியாதுன்னு சொல்லிர வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்ல?"

"வாயாலதான்."

"உனக்குப் புரியாது."

"புரியுது. பத்தொன்பது கல்யாணத்துக்கு ஆத்தங்கரைன்னு சொல்லியாச்சி. இருபதாவதுல ஆறே வந்து, நீ நம்ம ஆளுதானான்னு கேக்கு."

அந்த வாரம் முழுக்க அவன் போனில் நீச்சல் பாடம் பார்த்தான். கட்டிலில் குப்புறப் படுத்து, பாடத்தில் சொன்னபடி கையை வீசினான். இரண்டாம் நாள் கை பட்டுத் தண்ணீர்க் குடம் கவிழ்ந்தது. மாரிசெல்வி தரையைத் துடைத்துக்கொண்டே, "நல்லவேளை, இதுல முங்க முடியாது," என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடினால் பச்சையாக எதுவோ வாய்க்குள் வந்து அடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குர்லாவில் ஹார்பர் வண்டி ஏறினான். மான்குர்ட் தாண்டியதும் கழிமுகப் பாலம் வரும். இத்தனை வருடமாக அந்தப் பாலத்தில் வண்டி ஓடும் மூன்று நிமிடமும் அவன் போன் பார்ப்பது வழக்கம். இன்று பார்த்துவிட்டான். சேற்று நிறத்தில் ஒரு வயல் மாதிரி அசையாமல் கிடந்தது தண்ணீர். அதன் மேல் எறும்பு போல ஒரு மீன்பிடிப் படகு. கேமரா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி, பையில் குழந்தை இருக்கிறதோ என்பதுபோல எட்டிப் பார்த்தாள்.

படகுக் கிளப் வாஷியிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம். பெயர்ப்பலகையில் நீலக் கடலும் தென்னை மரமும் வரைந்திருந்தார்கள். பலகைக்குப் பின்னால் கழிமுகம் தன் சொந்த நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் அலையாத்திச் செடிகளின் வேர்களில் பாலிதீன் பைகள் காய்த்துத் தொங்கின.

கோமதிநாயகம் பட்டு வேட்டியோடு, மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஏற்கெனவே தயாராக நின்றார். மணப்பெண் உமாமகேஸ்வரி, முலுண்டில் ஒரு வங்கி ஊழியை, முகத்தில் வெயில் களிம்போடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஹரி உடம்பை ஒட்டிய கருப்புச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தான். படகோட்டி சாய்நாத் அதை விரலால் கிள்ளி, மெல்லிசு என்று உதட்டைப் பிதுக்கினான்.

"யே தோ பத்லா ஹை. ஜாக்கெட் பெஹ்னோ, சேட்."

"இது காம்பிடிஷன் சட்டை, பாய். ஜாக்கெட் போட்டா பாடி தெரியாது."

கிளப்பில் ஒரு விதி இருந்தது. படகில் ஓட்டுநரோடு, தண்ணீரில் விழுந்தவரைத் தூக்க மீட்பாள் ஒருவரும் இருக்க வேண்டும். மீட்பாள் முகைதீன், வடாலாத் தமிழர், கையில் கிளிப் போட்ட அட்டையோடு வந்தார். அட்டையில் எல்லோர் பெயரும் இருந்தது. பெயருக்கு எதிரே நீச்சல் தெரியுமா என்று ஒரு கட்டம்.

அன்றைக்கு, அந்த இடத்தில், உலகத்திலேயே முதல் முறையாக ஒருவர் அதைக் கேட்டார். "உங்களுக்கு நீச்சல் தெரியுமா, பாய்?"

தங்கபாண்டியின் தொண்டை வரை வந்துவிட்டது. இரண்டு சொல். சொன்னால் இந்த ஆள் நல்லவர், திருப்பி அனுப்பிவிடுவார், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

"அவன்ட்ட என்ன கேள்வி?" அண்ணாச்சி இடையில் வந்தார். "தாமிரபரணிக்காரன். உங்களையே முதுகுல தூக்கிட்டு அக்கரை போயிருவான். நானும் அந்த ஆறுதான். போடும், எல்லாருக்கும் டிக் போடும்."

முகைதீன் தங்கபாண்டியின் முகத்தைப் பார்த்தார். தங்கபாண்டி கேமராவின் கண்ணாடியைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

பிறகு பூஜை. புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம், படகுக்கு எங்கே வைப்பது? அண்ணாச்சி சற்று யோசித்து, இரண்டு பழங்களைப் படகின் மூக்குக்கு முன்னால் தண்ணீரில் போட்டு, ஏற்றிவிட்டுப் போகும்படி சாய்நாத்துக்கு உத்தரவிட்டார். பழங்கள் முங்கி எழுந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. மிதப்பது எவ்வளவு சுலபம் என்று தங்கபாண்டி பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

படகில் நான்கு பேருக்குத்தான் இடம். சாய்நாத், அண்ணாச்சி, உமா. நான்காவது இடத்தில் முகைதீன் ஏறப் போனார். அங்கே அண்ணாச்சி கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருந்தது. மூட் வருவதற்காக நாதஸ்வர ரீமிக்ஸ் போட வேண்டுமாம்.

"இதை இறக்கிருங்க சேட். நான் வரணும்."

"நீரு எதுக்கு? அதான் ஆளு இருக்கான்ல," என்று அண்ணாச்சி ரப்பர் வளையத்தைக் காட்டினார். "உமக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை ரெஸ்ட்டு."

சாய்நாத் கைக்கடிகாரத்தைத் தட்டினான். பத்தரைக்கு மேல் தண்ணீர் வற்ற ஆரம்பிக்கும், போவதானால் இப்போதே போக வேண்டும். முகைதீன் தோளைக் குலுக்கிக்கொண்டு படகுத்துறையிலேயே நின்றுவிட்டார். படகு நகர நகர அவர் சின்னதாகிப் போவதைத் தங்கபாண்டி வளையத்தில் படுத்தபடி பார்த்தான். அந்த நிமிடம்தான் அவனுக்குக் கணக்கு விளங்கியது. தன் பொய்யைத் தான் மட்டும் சுமக்கவில்லை. ஒரு மீட்பாளை அது கரையில் இறக்கிவிட்டிருக்கிறது.

நடுக் கழிமுகத்தில் படகு நின்றது. வளையம் மஞ்சள் நிறம், நடுவில் ஒரு துணி. அதில் அவன் வயிறு. இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையால் தண்ணீர் புகாத உறைக்குள் இருந்த கேமராவைப் பிடித்தான். குப்புறப் படுத்ததும் லைஃப் ஜாக்கெட் மோவாயில் முட்டிக்கொண்டு, திரையைப் பார்க்கவிடாமல் செய்தது. கழுத்துப் பக்கத்து வாரை அவனே தளர்த்தினான். தொழில் பழக்கம். தளர்த்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. மறுபடி இறுக்க இரண்டு கை வேண்டும். இரண்டு கையும் காலியாக இல்லை.

தண்ணீர் அவன் மூக்குக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அதற்கு ஒரு வாசனை இருந்தது, பழைய பேட்டரியும் மீனும் கலந்ததுபோல. எண்ணெய்ப் படலம் வானவில்லாக நெளிந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆழம் எவ்வளவு என்று தெரிந்தால் தேவலாம் என்று நினைத்தான். பிறகு, தெரியாமல் இருப்பதே தேவலாம் என்று நினைத்தான்.

படகின் பின்விளிம்பில் தொற்றி வந்த ஹரி பலகையோடு தண்ணீரில் இறங்கி, கயிற்றின் பிடியைப் பிடித்துக்கொண்டு, மெல்ல வளையத்தின் ஓரத்துக்கு வந்தான். படகில் ரீமிக்ஸ் ஆரம்பித்திருந்தது.

"அண்ணே, ஒரு விஷயம். அப்பாட்ட சொல்லாதீங்க."

"என்ன தம்பி?"

"எனக்கு நீச்சல் சரியா வராது. டிரெய்னிங்கெல்லாம் நெஞ்சளவு தண்ணிலதான். இங்க கால் எட்டல." அவன் சிரித்தான். உதடு மட்டும் சிரித்தது. "நீங்க இருக்கீங்கன்னுதான் இறங்கினேன். அப்பா சொன்னாங்க, நீங்க ஒரு ஆள் போதும்னு."

தங்கபாண்டிக்கு வயிற்றுக்குக் கீழே இருந்த துணி இல்லாமல் போனதுபோல இருந்தது.

"தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்..."

"ரெடியாடே?" என்று படகிலிருந்து அண்ணாச்சி கத்தினார்.

"ரெடிப்பா!" என்றான் ஹரி.

படகு பாய்ந்தது.

வளையம் பாயவில்லை, அடித்தது. ஒவ்வொரு அலையும் பலகையால் அறைவதுபோல அவன் விலாவில் அறைந்தது. வாய்க்குள் உப்பும் டீசலும் போயிற்று. துப்ப வாயைத் திறந்தால் இன்னும் போயிற்று. கைப்பிடியில் விரல்கள் செத்துப்போய்விட்டன; அவை தன் விரல்கள் என்பதே பார்த்தால்தான் தெரிந்தது. கால் இரண்டும் வளையத்துக்கு வெளியே தண்ணீரில் இழுபட்டன. கீழே ஏதோ ஒன்று காலைத் தொட்டுவிட்டுப் போனது. பாலிதீனாக இருக்க வேண்டும் என்று சங்கரன்கோவிலம்மனிடம் வேண்டிக்கொண்டான்.

முதல் முறை ஹரி எழும்பவே இல்லை. இரண்டாம் முறை எழுந்து, குனிந்து விழுந்தான். படகு உடனே வட்டமடித்து வந்து கயிற்றைக் கொடுத்தது. மூன்றாம் முறை எழுந்து நின்றுவிட்டான்.

"நின்னுட்டான், நின்னுட்டான்," என்று அண்ணாச்சி உமாவிடம் சொன்னார். "ரத்தம்மா. ஆத்துத் தண்ணி ரத்தத்துல ஓடுது."

தங்கபாண்டி திரையில் பார்த்தான். பின்னால் வானம், பாலம், இளஞ்சிவப்பாக எழுந்து பறக்கும் பூநாரைக் கூட்டம். எல்லாம் அழகாக இருந்தது. நடுவில் ஹரியின் முகம். பெரிதாக்கிப் பார்த்தான். பல் தெரிந்தது, கண் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணை அவன் இந்த வாரம் முழுக்கத் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருந்தான். கண் படகைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை. தங்கபாண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது, பிள்ளை தாயைப் பார்ப்பதுபோல.

இப்போதே கத்தி நிறுத்தச் சொல்ல வேண்டும். இந்தத் திருப்பத்தில் சொல்லிவிடலாம். இல்லை, முன்னால் தண்ணீரில் நட்டிருக்கும் அந்தக் கம்பம் வந்ததும்.

கம்பம் வருவதற்குள் படகு இருமியது. ஒரு முறை, இரண்டு முறை. பிறகு ஒரு கரகரப்பு. என்ஜின் நின்றுவிட்டது.

நாதஸ்வரம் மட்டும் நிற்கவில்லை.

இழுப்பு நின்றதும் ஹரி அப்படியே நின்ற வாக்கில் தண்ணீருக்குள் இறங்கினான், லிஃப்டில் போவதுபோல. கயிற்றின் பிடி கையிலிருந்து நழுவியது. வளையம் வந்த வேகத்தில் அவனை விட்டு விலகி, மெல்ல வழுக்கிப் போய் நின்றது. சாய்நாத் பின்பக்கம் குனிந்து பார்த்து, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். என்ஜினின் விசிறியில் மீன்வலை சுற்றியிருந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு பாதி உடம்பைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டான்.

ஹரியின் தலை எழுந்தது. முங்கியது. மறுபடி எழுந்தது. காலில் மாட்டிய பலகை மிதக்கப் பார்த்தது; அதனால் கால் மேலே வர, தலை கீழே போயிற்று. ஒட்டிய சட்டை உடம்பைக் காட்டியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை.

"ஹரி!" என்றாள் உமா.

"பயப்படாதம்மா," என்றார் அண்ணாச்சி. "அவன் இருக்கான்ல. தங்கபாண்டி, குதிடே. போய்த் தூக்கிட்டு வா."

தங்கபாண்டி நகரவில்லை.

"குதிடேங்கேன்!"

"பாய், ஜல்தி!" சாய்நாத் தலையைத் தூக்காமல் கத்தினான். "மை போட் நஹி சோட் சக்தா!" படகை விட்டு அவனால் வர முடியாது; நீரோட்டம் அதைப் பாலத்துத் தூண் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

தங்கபாண்டியின் வாய் திறந்தது. இத்தனை நாளும் தொண்டையில் கிடந்தது, அவன் அனுமதி கேட்காமல் தானாகவே வெளியே வந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாது அண்ணாச்சி!"

நாதஸ்வரம் இழைந்தது.

"என்னது?"

"தெரியாது! சத்தியமா தெரியாது! நீங்க குதிங்க அண்ணாச்சி! நீங்க வெள்ளத்துல போட்டவுகதான!"

கோமதிநாயகம் படகின் கம்பியைப் பிடித்தார். ஒரு கையால் பிடித்திருந்தவர் இரண்டு கையாலும் பிடித்தார். தண்ணீரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது, கைகள் வரவில்லை. கம்பியை விடு என்று அவர் தன் கைகளுக்குச் சொல்வதும், அவை கேட்க மறுப்பதும் முகத்தில் தெரிந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. துணைத்தலைவர் அழுதுகொண்டிருந்தார்.

உமாதான் ஸ்பீக்கரை உதைத்து நிறுத்தினாள்.

"அண்ணா, கயிறு! ஹரி விட்ட கயிறு! உங்க ரைட்ல மிதக்குது பாருங்க! அத எடுத்து வீசுங்க!"

பார்த்தான். மஞ்சள் கயிறு, நுனியில் கைப்பிடி, வளையத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி. இரண்டு முழம் தள்ளி இருப்பதை எடுக்க வேண்டுமானால் ஒரு கை கேமராவையும் மறு கை வளையத்தையும் விட வேண்டும். கேமராவை விட்டான். அது மணிக்கட்டு வாரில் தொங்கித் தண்ணீருக்குள் போயிற்று. மறு கையை விடுவதுதான் நடக்கவில்லை. ஒவ்வொரு விரலாக, தன் கண்ணால் பார்த்து, அவிழ்த்தான்.

நெஞ்சு வரை வளையத்துக்கு வெளியே நீண்டான். வளையம் அவனுக்குக் கீழே வழுக்கியது. முகம் தண்ணீருக்குள் போனது. காதில் இரைச்சல். தளர்த்திய ஜாக்கெட் மேலேறிக் காதை அடைத்துக்கொண்டது. இவ்வளவுதான், முடிந்தது என்று மிகத் தெளிவாகத் தோன்றியது. மாரிசெல்வியிடம் எவர் போய் என்ன ஊர்ப்பெருமை பேசுவார்கள் என்பது வரை தோன்றியது. கை எதையோ பிடித்தது. கயிறு.

காலை வளையத்தின் துணிக்குள் நுழைத்து மாட்டிக்கொண்டு எழுந்து, வீசினான். எட்டவில்லை. இழுத்து மறுபடி வீசினான். கைப்பிடி ஹரியின் நெற்றியில் பட்டுத் தெறித்தது. ஹரியின் தலை முங்கியது. இந்த முறை உடனே எழவில்லை. தங்கபாண்டி எண்ணாமல் இருக்க முயன்றான், எண்ணிக்கொண்டுதான் இருந்தான். நான்கில் எழுந்தது.

"தம்பி, கையத் தூக்கு! கையத் தூக்கு, நான் போடுதேன்!"

மூன்றாவது வீச்சில் கயிறு அந்தக் கையின் மேல் விழுந்தது. விரல்கள் மூடிக்கொண்டன.

இழுத்தான். கிணற்றில் வாளி இழுத்துப் பழக்கமில்லாத கை, கல்யாண மண்டபங்களில் லைட் வயர் இழுத்துப் பழகியிருந்தது. ஹரி வளையத்துக்கு வந்ததும், வளையத்தைப் பிடிக்கவில்லை, தங்கபாண்டியின் கழுத்தைப் பிடித்தான். வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"கழுத்த விடு! தம்பி, கழுத்த விடு, ரெண்டு பேரும் போயிருவோம்!"

"அண்ணே, விடாதீங்கண்ணே..."

"விடல. நீ கழுத்த விடு. இங்க பிடி. இத. இதான் கைப்பிடி."

உமா வளையத்தின் கயிற்றைப் படகுக்குள் இழுக்க ஆரம்பித்திருந்தாள். இரண்டு இழுப்புக்குப் பிறகு அவளுக்குப் பின்னால் பட்டு வேட்டியும் வந்து கயிற்றைப் பிடித்தது. கம்பியை விட அவருக்கு அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

படகுக்குள் வந்து விழுந்ததும் ஹரி வாந்தி எடுத்தான். தங்கபாண்டி படகின் தரையில், நட்டநடுவில், பெஞ்சின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பல் அடித்துக்கொண்டது. வெயிலில் உடம்பு கொதித்தது, பல் மட்டும் தனியாகக் குளிரில் இருந்தது. வலையின் கடைசித் துண்டு அறுபட, சாய்நாத் எழுந்து வந்து என்ஜினை முடுக்கினான். பாலத்துத் தூண் கை நீட்டினால் தொடும் தூரத்தில் கடந்து போயிற்று.

கோமதிநாயகம் மகனின் தலையைத் தன் வேட்டி நுனியால் துவட்டினார். வெகுநேரம் துவட்டினார்.

"நீ ஏன்டே சொல்லல?" என்றார் கடைசியில், தங்கபாண்டியைப் பார்க்காமல்.

"நீங்க கேக்கலியே அண்ணாச்சி. ஊரைத்தான கேட்டிய."

"ஆத்தங்கரைன்னியேடே."

"ஆத்தங்கரைதான். நான்தான் அங்க இல்ல."

உமா கேட்டாள், வங்கியில் விண்ணப்பத்தில் விடுபட்ட கட்டத்தைக் கேட்கும் குரலில். "மாமா, உங்களுக்கு?"

அண்ணாச்சி துவட்டிக்கொண்டிருந்தார். "ஆறு வயசுல பம்பாய் வந்தவன்மா நான்," என்றார். "வெள்ளம் வந்தது. படித்துறையில நின்னு பாத்தேன்."

ஹரி அப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

கொஞ்ச தூரம் போனதும் அண்ணாச்சியின் முதுகு பழையபடி நிமிர ஆரம்பித்தது. வியாபாரி. நஷ்டத்தில் எது தேறும் என்று பார்க்கும் பழக்கம். "நின்னது எம்புட்டு நேரம் பதிவாச்சி?"

"பதினோரு செகண்ட்."

"பதினோரு செகண்ட வச்சிக்கிட்டு என்ன பண்ண? நாகராஜ் ஆறு நிமிசம் போட்டான்." தண்ணீரைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். "இன்னும் ஒரே ஒரு தடவ. கரை ஓரமா. இப்பதான் எல்லாருக்கும் விசயம் தெரிஞ்சிபோச்சே. சாக்கிரதையா ஓட்டுவான். என்ன தங்கபாண்டி?"

பத்தொன்பது கல்யாணத்தில் ஒரு அண்ணாச்சியிடமும் அவன் சொல்லாத ஒரு சொல் இருந்தது. சொல்லும்போது பெஞ்சின் காலை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"மாட்டேன் அண்ணாச்சி."

"அப்ப டியூப்ல யாரு படுப்பா?"

"நீங்க படுங்க மாமா," என்றாள் உமா. "பட்டன் ஒண்ணுதான். அண்ணா சொல்லித் தருவாரு."

கோமதிநாயகம் படகுக்குப் பின்னால் காலியாகக் குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்த மஞ்சள் வளையத்தைப் பார்த்தார். அது ஒரு அலையில் முழுசாகக் கவிழ்ந்து, தானே நிமிர்ந்து, மறுபடி துரத்தி வந்தது. பிறகு கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சுத் துணுக்கு இல்லை. வெயில் படகின் கம்பியில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

"லைட்டு போயிட்டுடே," என்றார்.

ஹரி வானத்தைப் பார்த்தான். "ஆமாப்பா. போயிட்டு."

"ஆமா மாமா," என்றாள் உமா, கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தபடி.

எல்லோரும் தங்கபாண்டியைப் பார்த்தார்கள். வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவன் அவன்தான். அவன் கேமராவை உறையிலிருந்து எடுத்தான். உறைக்குள் தண்ணீர் போயிருக்கவில்லை. கண்ணாடிக்கு மூடி போட்டான்.

"சுத்தமா போயிட்டு அண்ணாச்சி. இனிமே எடுத்தா ஒண்ணும் தெரியாது."

சாய்நாத் வேகத்தைக் கூட்டப் போனான். நான்கு குரல்கள் ஒரே சமயத்தில் வேண்டாம் என்றன. படகுத்துறை கால் மணி நேரத் தொலைவில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அங்கே போய்ச் சேரும்வரை படகில் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை.